ஐந்தரை நிமிடமும் ஆறு வருடமும்

(படைப் பணிக்குத் தயாராகும் இளைஞர்களும் பெற்றோரும் பயிற்சியாளர்களும் கூடியிருந்த கோவை அரங்கொன்றில் எலும்பு மருத்துவர் ஒருவர் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்.)



முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிற தம்பிகளுக்கு ஒரு கணக்கு மனப்பாடம். 1.6 கிலோமீட்டரை 5 நிமிடம் 30 விநாடிக்குள் ஓடினால் 60 மதிப்பெண். பத்து புல்-அப் எடுத்தால் 40. அப்புறம் ஒன்பது அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும், வளைந்து போகிற கட்டைமேல் விழாமல் நடக்க வேண்டும். அதிலும் தேறினால் மருத்துவப் பரிசோதனை. உயரம், மார்பு, கண், காது, பல் எல்லாம் பார்ப்பார்கள். பாதம் தட்டையா, நேராக நின்றால் முழங்கால் இரண்டும் முட்டுகிறதா என்றும் பார்ப்பார்கள். எலும்பு எவ்வளவு கெட்டி என்று அளக்கிற சோதனை இந்த வரிசையில் கிடையாது. இதை நான் குறையாகச் சொல்லவில்லை. கோவை ஆள்சேர்ப்பு அலுவலகத்தின் கீழ் நீலகிரியிலிருந்து தேனி வரை பதினொரு மாவட்டம் வருகிறது. திரண்டு வருகிற அத்தனை பேரையும் ஸ்கேன் மேசையில் படுக்க வைக்க முடியாது, தேவையும் இல்லை.

ஆனால் அளக்காமல் விட்ட அந்த ஒன்றுதான் பயிற்சி முகாமில் முதல் இரண்டு மாதத்துக்குள் தன் கணக்கைக் காட்டும். பையன் நன்றாக ஓடுவான், மூச்சு வாங்காது, தொடையில் வலு இருக்கும். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்து எலும்பில் மட்டும் ஒரே இடத்தில் குத்தும். மைதானத்தில் இதை ‘ஷின் பெயின்’ என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொள்கிறார்கள். பல நேரம் அது தசை வலிதான். சில நேரம் எலும்பில் மயிரிழை மாதிரி விரிசல் விட்டிருக்கும். ஸ்ட்ரெஸ் பிராக்சர் என்று நாங்கள் எழுதுவது அதைத்தான்.

இது புது நோய் இல்லை. 1855-இல் பிரைட்ஹாப்ட் என்ற பிரஷ்ய ராணுவ மருத்துவர், அணிவகுத்து நடந்த சிப்பாய்களின் பாதம் வீங்கி வலிப்பதைக் குறித்து வைத்தார். அப்போது எக்ஸ்ரே கிடையாது. உள்ளே எலும்பு விரிசல் விட்டிருக்கிறது என்பது 1897-இல் எக்ஸ்ரே படம் எடுத்த பிறகுதான் தெரிந்தது. இந்திய ராணுவப் பயிற்சி மையங்களில் இதைப் பற்றி நம் படை மருத்துவர்களே பல கட்டுரைகள் எழுதியிருக்கிறார்கள். அங்கே அதிகம் அடிபடுவது டிபியா, நான் சொன்ன அதே முன்காலெலும்பு. இஸ்ரேலில் சார்ல்ஸ் மில்க்ரோம் குழு 1985-இல் வெளியிட்ட ஆய்வில் 295 பேரைத் தொடர்ந்து கவனித்தார்கள். அதில் 31 சதவீதம் பேருக்கு விரிசல் இருந்தது. மூன்றில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இப்படி? எலும்பு செத்த பொருள் இல்லை. புதிதாகப் பாரம் ஏறினால் தன்னை மாற்றிக் கட்டும். ஆனால் கட்டுவதற்கு முன் பழசை அரித்து எடுக்கும். அரிப்பதற்கு மூன்று நான்கு வாரம், அந்த இடத்தை நிரப்பிக் கெட்டியாக்க மூன்று மாதத்துக்கு மேல். சாலையைத் தோண்டிவிட்டுத் தார் ஊற்றுவதற்கு முன்னாலேயே அதன்மேல் லாரியை விடுகிற மாதிரி ஒரு காலம் நடுவில் வருகிறது. நெஞ்சும் தசையும் சில வாரத்தில் பயிற்சிக்குப் பழகிவிடுவதால் பையனுக்கு ‘இன்னும் வேகமாகப் போகலாம்’ என்று தோன்றும். எலும்பு அப்போதுதான் தோண்டிப் போட்ட நிலையில் இருக்கும்.

2023-லிருந்து ராணுவத்தின் அக்னிவீர் ஆள்சேர்ப்பில் கணினி வழி எழுத்துத் தேர்வு முதலில் வந்துவிட்டது, ஓட்டம் பிறகு, ராலியில். அதனால் ஒரு புதுப் பழக்கம் உண்டாகியிருக்கிறது. ரிசல்ட் வருகிற வரை அறையில் உட்கார்ந்து படிப்பது, பெயர் வந்தவுடன் ஷூ வாங்கிக்கொண்டு தார் ரோட்டில் தினம் ஓடுவது. அந்தச் சில வாரத்தில்தான் என்னிடம் வருகிறார்கள். வந்ததும் கேட்பது, “சார், ராலிக்குள்ள சரியாயிருங்களா?”

இதற்குப் பதில் சொல்ல, கதையை ஆறேழு வருடம் பின்னால் கொண்டுபோக வேண்டும். கனடாவில் சாஸ்கச்சுவான் பல்கலைக்கழகத்தார் பிள்ளைகளை வருடா வருடம் அளந்து 1999-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். வளர்ந்த மனிதனின் எலும்பில் இருக்கும் தாதுவில் ஏறக்குறைய 26 சதவீதம், அவன் மளமளவென்று உயரமாகிற அந்த இரண்டே வருடத்தில் சேர்கிறது. ஆண் பிள்ளைகளுக்கு அது பதின்மூன்று பதினான்கை ஒட்டி வரும். இருபது வயதை நெருங்கும்போது பெரும்பகுதி முடிந்திருக்கும். ஆக பன்னிரண்டிலிருந்து பதினெட்டு வரை என்ன தின்றான், என்ன விளையாடினான் என்பதுதான் பத்தொன்பதில் முகாமுக்குப் போகிறவனின் கால்.

நம் பகுதியில் அந்த ஆறு வருடத்தை எப்படிச் செலவு செய்கிறோம்? நாமக்கல், ராசிபுரம், திருச்செங்கோடு பக்கத்து விடுதிப் பள்ளிகள் தமிழ்நாடு முழுக்கத் தெரிந்தவை. மதிப்பெண் வாங்கிக் கொடுத்தார்கள், மறுக்கவில்லை. ஆனால் பத்தாம் வகுப்பிலும் பிளஸ் டூவிலும் விளையாட்டுப் பீரியடைக் கணக்கு வாத்தியார் எடுத்துக்கொண்டதை இங்கே இருக்கிற பெற்றோர் பாதிப் பேர் ‘நல்லதுதான்’ என்று சொல்லியிருப்பீர்கள். விடிவதற்கு முன் ஸ்டடி, இரவு பத்து மணிவரை ஸ்டடி, நடுவில் கூரைக்குக் கீழே வகுப்பு. இன்னொரு பக்கம், படிப்பை விட்டவன் திருப்பூரில் பனியன் கம்பெனிக்கோ நூல் மில்லுக்கோ போகிறான். அங்கே பன்னிரண்டு மணி நேர ஷிப்ட், டியூப்லைட் வெளிச்சம், ஒரு டீ, ஒரு பன். இந்த இரண்டு பையன்களும் ஒரே மைதானத்தில் ஓடிப் பார்க்க வருகிறார்கள். அப்பா வெள்ளாமைக்காரர், பையன் உடம்பு இரும்பு என்கிறார்கள் வீட்டில். இரும்பு அப்பாவினுடையது.

இங்கே குன்னூரைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கோவைக்காரருக்குக் குன்னூர் என்றால் குளிர், டீ, ரயில். அதை ஒட்டி வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமெண்டின் பயிற்சி மையம் இருப்பதும் தெரியும். நம் பையன்களில் பலர் முதன்முதலில் பூட்ஸ் மாட்டுவது அங்கேதான். ஆனால் அந்த மலையிலேயே பாஸ்டர் நிலையத்தில் 1918-இல் ராபர்ட் மெக்கரிசன் என்ற ராணுவ மருத்துவர் பெரிபெரி நோய் பற்றிய ஆராய்ச்சியாகத் தொடங்கியதுதான் நாட்டின் உணவு ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்தது. 1958-இல் அது ஹைதராபாத்துக்கு இடம் மாறியது. இன்றைய தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் அதுதான்.

மெக்கரிசன் அங்கே எலிகளை வைத்து ஒரு சோதனை செய்தார். சீக்கியர், பட்டாணியர், மராட்டியர், கூர்க்கர், வங்காளி, கன்னடர், மதராசி என்று ஒவ்வொரு மக்களும் சாப்பிடுகிற சாப்பாட்டை ஒவ்வொரு எலிக் கூட்டத்துக்குக் கொடுத்தார். கோதுமை, பால், வெண்ணெய், பருப்பு, காய் தின்ற சீக்கியச் சாப்பாட்டு எலி முதலிடம். வெள்ளை அரிசியை நம்பிய நம்ம ஊர்ச் சாப்பாட்டு எலி கடைசி.

இந்த முடிவு யார் கையில் போகிறது என்பதைப் பொறுத்து அர்த்தம் மாறும். அதற்கு நாற்பது வருடத்துக்கு முன்னாலேயே, 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் படையின் தலைமைத் தளபதியாக இருந்த ராபர்ட்ஸ், தென்னாட்டான் போருக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டியவர். ‘போர்க்குடிகள்’ என்ற கொள்கை அவரைப் போன்றவர்களால் கெட்டிப்பட்டது. 1758-லிருந்து பரம்பரை சொல்கிற அந்த மெட்ராஸ் படையின் காலாட்படைப் பிரிவுகள் குறைந்து குறைந்து 1920-களில் கலைக்கப்பட்டன. இரண்டாம் உலகப் போரில் ஆள் தேவைப்பட்டபோது திரும்ப எழுப்பினார்கள். எலிக்கு சாதியும் கிடையாது, குடியும் கிடையாது. ஒரே வகை எலி, சாப்பாடு மட்டும் வேறு. மெக்கரிசனின் கூண்டுகளில் ராபர்ட்ஸுக்குச் சரியான பதில் இருந்தது என்பது என் அபிப்பிராயம்.

மெக்கரிசனுக்குப் பின் 1935-இல் வந்த அய்க்ராய்டு இன்னும் ஒரு படி போனார். பள்ளிப் பிள்ளைகளின் வழக்கமான அரிசிச் சாப்பாட்டோடு கொழுப்பு நீக்கிய பால்பவுடர் சேர்த்துக் கொடுத்தார்கள், உயரமும் எடையும் கூடின. பாலில் எது வேலை செய்தது என்று பார்க்க, பாலை விட்டுவிட்டுக் கால்சியம் லாக்டேட் மட்டும் கொடுத்துப் பார்த்தார்கள், அதிலும் பிள்ளைகள் வளர்ந்தார்கள். இது 1930-களின் கடைசியில். நம் சாப்பாட்டில் எது குறைகிறது என்பது எண்பது வருடத்துக்கு முன்பே நம் மலைமேல் தெரிந்த விஷயம்.

இப்போது ஒரு சராசரி நாளைக் கூட்டிப் பார்ப்போம். அரிசி 400 கிராம் என்றால் கால்சியம் சுமார் 40 மில்லிகிராம். துவரம்பருப்பு ஐம்பது கிராமில் 35, 40. இரண்டு டீயில் பால் 100 மில்லி என்றால் 120. பொரியல், சட்னி, சாம்பாரில் கிடக்கும் காய் எல்லாம் சேர்த்து ஒரு 80. மொத்தம் 300-ஐத் தொடவே சிரமப்படுகிறது. திருப்பதியில் ஹரிநாராயண் குழுவினர் ஆந்திரக் கிராமத்தாரையும் நகரத்தாரையும் அளந்தபோதும் கால்சியம் இந்த மாதிரிக் குறைவாகத்தான் இருந்தது, வைட்டமின் டி-யும் சேர்ந்தே குறைந்திருந்தது. தேவை எவ்வளவு? ஐ.சி.எம்.ஆர். 2020-இல் வகுத்தபடி 16 முதல் 18 வயதுக்கு ஒரு நாளைக்கு 1,050 மில்லிகிராம்.

அரிசிம்பருப்புச் சாதம் எனக்கும் உயிர்தான். ஆனால் மேலே சொன்ன கணக்கில் அது எங்கே நிற்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

உடனே யாராவது எழுந்து, ‘அந்தக் காலத்துல சோளச்சோறும் கம்மங்கூழும் குடிச்சாங்க, எலும்பு கெட்டியா இருந்துச்சு’ என்பார்கள். பாதிதான் சரி. நூறு கிராம் சோளத்தில் கால்சியம் 25 மில்லிகிராம் அளவு. கம்பிலும் அதை ஒட்டித்தான், கூடிப்போனால் 40. சிறுதானியம் என்று பொட்டலத்தில் போட்டு விற்கிறவர்கள் எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைக்கிறார்கள். உண்மையில் கால்சியம் இருப்பது ராகியில், 100 கிராமுக்கு 340-க்கு மேல். தாத்தாவின் எலும்பைக் காப்பாற்றியது சோளம் இல்லை. கூழில் ஊற்றிய மோர், வேலியோரத்து முருங்கை, வாரம் இரண்டு முறை வெந்த கொள்ளு, பிறகு நாள் முழுக்க வெயிலில் மண்வெட்டி. எண்களைச் சொல்கிறேன்: கொள்ளு நூறு கிராமில் 270, 280. முருங்கைக்கீரையில் 300-க்கு மேல். எள்ளில் ஆயிரத்துக்கு மேல். அகத்திக்கீரையில் 900-க்குக் குறையாது. அதை மஞ்சக்காட்டு ஓரத்தில் வளர்த்து ஆட்டுக்கு ஒடித்துப் போடுகிறோம். ஆடு நன்றாக இருக்கிறது.

எண்ணை அப்படியே விழுங்கிவிடவும் கூடாது. ராகியில் பைட்டேட்டும் ஆக்சலேட்டும் உண்டு, அவை கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். முளைகட்டியோ புளிக்க வைத்தோ செய்தால் பைட்டேட் குறையும். கீரையிலும் எல்லாம் ஒன்றல்ல. பாலக்கில் ஆக்சலேட் அதிகம், காகிதத்தில் இருக்கிற கால்சியம் உடம்புக்கு வராது. அதனால்தான் பால், தயிர், மோரை நான் விடாமல் சொல்கிறேன். இதிலும் கொஞ்சம் சங்கடம் இருக்கிறது. மாடு வைத்திருக்கிற வீட்டில்கூட விடிகாலைப் பால் சொசைட்டிக்குப் போய்விடுகிறது, பிள்ளைக்கு டீ மிச்சம். காங்கேயம் மாட்டுப் பெருமை பேசுகிறோம். அது உழைப்பு மாடு, கறவைக்கு வளர்த்தது இல்லை. குடம் குடமாகப் பால் குடித்த காலம் ஒன்று இருந்ததாக நினைத்துக்கொள்வது நம் கற்பனை.

நாமக்கல் முட்டையைப் பற்றி நிச்சயம் கேட்பீர்கள். சாப்பிடுங்கள். புரதத்துக்கு அதைவிட மலிவாக எதுவும் இல்லை, எலும்பின் சட்டமே புரதம்தான். கால்சியத்துக்கு என்று சாப்பிடாதீர்கள். அது ஓட்டோடு போய்விடுகிறது, உள்ளே ஒரு முட்டைக்கு 30 மில்லிகிராம் தேறினால் அதிகம். பல்லடம் பிராய்லருக்கும் இதேதான். ஜிம்மில் டப்பாவில் விற்கும் பவுடருக்குக் கொடுக்கும் பணத்தில் வீட்டுக்கே தயிர் வாங்கலாம்.

ஒரு நாளைக்கு இரண்டு டம்ளர் பாலோ தயிரோ, ஒரு வேளை ராகிக் களியோ தோசையோ, ஒரு பிடி முருங்கைக்கீரை, கொள்ளுப் பருப்பு ஒரு கரண்டி, ஒரு எள்ளுருண்டை. இவ்வளவு போதும், ஆயிரத்தை எட்டிவிடலாம். மாத்திரை தேவையா? அமெரிக்கக் கடற்படையில் பயிற்சி பெற்ற 5,201 பெண்களில் ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் கால்சியமும் வைட்டமின் டி-யும் கொடுத்துப் பார்த்ததில் விரிசல் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. 2008-இல் வெளிவந்த ஆய்வு. பயன் இருக்கிறது, பெரிதும் இல்லை. மருத்துவர் சொன்னால் எடுத்துக்கொள்ளுங்கள். உப்பை மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய், சிப்ஸ், மிக்சர் எல்லாம் சிறுநீரில் கால்சியத்தை இழுத்துக்கொண்டு போகும். பீடி, சிகரெட், ஹான்ஸ் பற்றி இங்கே தனியாகப் பேச நேரமில்லை, எலும்புக்கு ஆகாது.

வெயிலுக்கு வருகிறேன். ‘நாங்க தினம் கிரவுண்ட்லதான் சார் இருக்கோம், எங்களுக்கு எப்படி வைட்டமின் டி குறையும்?’ என்று ஒரு பையன் கேட்டான். எத்தனை மணிக்கு ஓடுகிறாய் என்றால் ஐந்து மணி. இளவெயில்தான் நல்லது என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. தோலில் வைட்டமின் டி உண்டாக்குகிற புற ஊதாக் கதிர் அந்தச் சாய்ந்த வெயிலில் மிகக் குறைவு. பத்து பதினொரு மணியிலிருந்து மதியம் இரண்டு மூன்று வரை உள்ள வெயிலில்தான் வரும். கோவை பூமத்திய ரேகைக்கு 11 டிகிரி தள்ளித்தான் இருக்கிறது, அதனால் வருடம் முழுக்கக் கிடைக்கும், ஆனால் நாம் அந்த நேரத்தில் வெளியே இருப்பதில்லை. 2000-இல் தில்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் பல தரப்பினரின் ரத்தத்தைச் சோதித்தபோது, மருத்துவமனைக்குள் வேலை பார்க்கும் மருத்துவர், செவிலியரைவிட, குளிர்காலத்திலும் வெளியே பயிற்சி செய்த சிப்பாய்களுக்கு வைட்டமின் டி எவ்வளவோ மேலாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கைகால் தெரிய அரை மணி நேரம் பந்து விளையாடுங்கள். அம்மா கறுத்துப் போவாய் என்று திட்டுவார்கள். திட்டட்டும்.

பந்து என்று சும்மா சொல்லவில்லை. மில்க்ரோம் குழுவினர் பிறகு கவனித்த ஒன்று: படையில் சேருவதற்கு முன் குறைந்தது இரண்டு வருடம் பந்து விளையாட்டு, பெரும்பாலும் கூடைப்பந்து, ஆடியவர்களுக்கு விரிசல் குறைவு. நேராக ஓடி மட்டும் பழகியவர்களுக்கு அந்தப் பாதுகாப்பு அவ்வளவாக இல்லை. தாவி இறங்குவது, சடாரென்று திரும்புவது, பல திசையில் விசை விழுவது, இதுதான் எலும்பைத் தடிக்க வைக்கிறது. கூடைப்பந்துக்குக் கோவையில் பஞ்சமில்லை. கிராமத்தில் கபடி இருக்கிறது, வாலிபால் இருக்கிறது. பன்னிரண்டு வயதில் ஆடவிடுங்கள் என்பதுதான் பெற்றோரிடம் நான் கேட்பது. ஐந்தரை நிமிடத்துக்கான கோச்சிங் பீஸை அப்புறம் கட்டிக்கொள்ளலாம்.

பயிற்சியாளர்களுக்கு ஒன்று. பயிற்சியே எலும்பை வளர்க்கும் என்பதும் உண்மை. 1986-இல் வந்த இஸ்ரேல் ஆய்வொன்றில் பதினான்கு வாரக் கடும் பயிற்சியை முடித்தவர்களின் இடதுகால் எலும்புத் தாது சுமார் 11 சதவீதம் கூடியிருந்தது. ஆக பாரம் எதிரி இல்லை, அவசரம்தான் எதிரி. அதே ராணுவம் பிற்பாடு தூக்கத்தைக் குறைந்தது ஆறு மணி நேரமாக்கி, நடக்க வைக்கும் மொத்தத் தூரத்தைக் குறைத்தது. விரிசல் பாதிக்கு மேல் குறைந்துபோனது. மருந்து எதுவும் கொடுக்கவில்லை. இரவு பதினொரு மணிவரை போன் பார்த்துவிட்டு நாலரைக்கு எழுந்து வருகிற பையனைப் பெருமையாகச் சொல்லாதீர்கள்.

ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாமா என்று கேட்கிறார்கள். வேண்டாம். எண் எப்போதும் உண்மை சொல்லாது. நம் பக்கத்துத் தருமபுரி, கிருஷ்ணகிரியையே பாருங்கள். நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம், அதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்தது. புளோரைடு கூடினால் ஸ்கேனில் எலும்பு அடர்த்தியாகத் தெரியும், ஆனால் தரம் கெட்டிருக்கும். 1990-இல் மேயோ கிளினிக்கில் எலும்புத் தேய்மானம் உள்ள பெண்களுக்குச் சோடியம் புளோரைடு கொடுத்தார்கள். நான்கு வருடத்தில் முதுகெலும்பு அடர்த்தி 35 சதவீதம் ஏறியது. முதுகெலும்பு முறிவு குறிப்பிடும்படி குறையவில்லை, மற்ற எலும்புகள் முறிவது அதிகமானது. அந்த மாவட்டங்களிலிருந்து வருகிற தம்பிகள் பல்லில் பழுப்புக் கறை இருந்தால் சொல்லுங்கள். ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை விட்டுக் காவிரித் தண்ணீருக்கு மாறுங்கள்.

கடைசியாக, பின்வரிசையில் இருக்கிற பெண் பிள்ளைகளுக்கு. ராணுவக் காவல் பிரிவில் பெண்களைச் சிப்பாய்களாக எடுக்க 2019-இல் தொடங்கினார்கள், முதல் அணி 2021 மே மாதம் பெங்களூரில் பயிற்சி முடித்து வெளியே வந்தது. ஒரே பயிற்சியில் பெண்களுக்கு ஸ்ட்ரெஸ் பிராக்சர் ஆண்களைவிடப் பல மடங்கு வருகிறது என்று பல நாட்டுப் படைகளும் பார்த்திருக்கின்றன. எலும்பு மெல்லியது என்பது ஒரு காரணம். இன்னொன்று, எடை கூடிவிடும் என்று பயந்து இரவில் சாப்பிடாமல் ஓடுவது. செலவழிக்கிற அளவுக்கு உள்ளே போகாவிட்டால் உடம்பு முதலில் மாதவிலக்கை நிறுத்தும், ஈஸ்ட்ரோஜன் குறையும், எலும்பு கரையும். மூன்று மாதம் வராமல் இருந்தால் ‘ஓடறதால நின்னிருக்கும், பரவாயில்லை’ என்று விடாதீர்கள், அம்மாவிடம் சொல்லி மகப்பேறு மருத்துவரிடம் போங்கள்.

ஆணோ பெண்ணோ, முன்காலெலும்பில் ஒரு விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடத்தில் வலித்தால், அன்றைக்கே ஓட்டத்தை நிறுத்துங்கள். முதல் இரண்டு மூன்று வாரம் எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ‘எக்ஸ்ரே நார்மல்’ என்ற சீட்டோடு மைதானத்துக்குத் திரும்பாதீர்கள், தேவைப்பட்டால் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்ப்போம். வலி ஊசி போட்டுக்கொண்டு ராலிக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். அப்படி ஓடித் தேறினாலும் அடுத்த மாதம் முகாமில் அந்த விரிசல் முழு முறிவாகும். இந்த ராலி போனால் அடுத்த வருடம் வரும், வயது வரம்பைத் தாண்ட இன்னும் நாள் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.